கடலுக்குப் போன மாத்திரை

நான் ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்த பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டும் அக்கம்பக்கத்தார் ஒரு வகை. பழைய கதை கேட்க வரும் இளம் நர்சுகள் இன்னொரு வகை. முதல் வகைக்கு நான் காபி கொடுப்பதில்லை.

போன மாதம் வந்த ஒரு பெண், லூபஸ் நோய்க்கு இப்போது எத்தனை விதமான மருந்து இருக்கிறது, ரத்தத்தை எடுத்து அனுப்பினால் எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல இந்த நோயே இருந்திருக்காது இல்ல, சிஸ்டர்?" என்று கேட்டாள். எங்கள் காலத்தில் நோய் இருந்தது. நோயைக் கண்டுபிடிக்க ஒரு டீ வடிகட்டியும் இருந்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நர்ஸ் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். திட்டு வாங்கிக்கொண்டு முகத்தை மாற்றாமல் நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டில் அதிகம் உதவியது இரண்டாவதுதான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் சேர்ந்தது ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. இன்று அந்த இடத்தில் குடோன் நிற்கிறது. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள், கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட் ஆட்கள், கரையோரக் குப்பங்களின் மீன்காரர்கள், இவர்கள்தான் எங்கள் நோயாளிகள். பெண்கள் வார்டுக்கு நான் சிஸ்டர். எனக்கு மேலே டாக்டர் ராமபத்ரன்.

ராமபத்ரன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். புத்தகத்தில் அச்சடித்த மாதிரித் தமிழ் பேசுவார். நாடி பிடிக்கும்போது நோயாளியைப் பார்க்கமாட்டார், விட்டத்தைப் பார்ப்பார். "சரியாகிவிடும்" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "சிஸ்டர், தாங்கள் தயவுசெய்து" என்று ஆரம்பித்தார் என்றால் அன்று எனக்குச் சோறு இறங்காது. மீன்காரப் பெண்ணிடம் போய், "தங்களுக்கு மூட்டுகளில் நோவு உளதா?" என்று கேட்பார். அவள் என்னைப் பார்ப்பாள். "முட்டியெல்லாம் வலிக்குதான்னு கேக்கறாரு" என்பேன். பாதி நாள் எனக்கு இந்த வேலைதான்.

அஞ்சலை எங்களிடம் வந்தபோது அவளுக்கு இருபத்துச் சொச்சம் வயது. குப்பத்திலிருந்து கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்றவள். மாதக்கணக்காகக் காய்ச்சல். விரல்கள் வீங்கி, சீப்பைப் பிடிக்க முடியாமல் தலை சிக்கடைந்து கிடந்தது. இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டின் மேலும் சிவந்த தடிப்பு. அவள் புருஷன் ஏழுமலை கட்டுமரம் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். பேச்சை எல்லாம் அவனுடைய அம்மா தேசம்மா குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

"இதுக்கு டாக்டரு இன்னாத்துக்கு? அம்மா வாத்துகீது. நான் அப்பவே சொன்னேன், இந்தப் பையன் கேக்காம இஸ்துகினு வந்துட்டான்" என்றாள் தேசம்மா, வார்டு வாசலில் நின்றபடி. கையில் ஒரு கட்டு வேப்பிலை.

அம்மை என்றால் அந்தக் குப்பத்தில் நோய் என்று சொல்லமாட்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்தவளை மதித்து, மருந்து கொடுக்காமல், வேப்பிலை விரித்துப் படுக்கவைத்து, வீட்டில் தாளிக்காமல், மீன் சேர்க்காமல், உப்புக் காரம் குறைத்து, வெயிலில் விடாமல் காத்திருப்பார்கள். தடிப்பு அடங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் அம்மா விடைபெற்றுக்கொண்டாள் என்று அர்த்தம்.

டாக்டருக்கு வேறு சந்தேகம். வெளிநாட்டுப் பத்திரிகைகளை வரவழைத்துப் படிக்கிற மனிதர் அவர். லூபஸ் நோய்க்காரர்களின் ரத்தத்தில் ஒரு வகை அணு தென்படுகிறது என்றும், அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது என்றும் அப்போதுதான் படித்திருந்தார். ரத்தத்தை எடுத்து உறையவிட வேண்டும். உறைந்த கட்டியை இரண்டு மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். பிறகு கம்பிச் சல்லடையில் போட்டு மசித்து, மசித்ததை இயந்திரத்தில் சுழற்றி, பாலில் ஆடை கட்டுவது போல மேலே திரளும் வெள்ளை அணுக்களை மட்டும் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பூசி, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

எல்லாம் இருந்தது, சல்லடை இல்லை. "சிஸ்டர், தாங்கள் தயவுசெய்து ஒரு மெல்லிய கம்பிவலை கொணர்வீர்களா?" என்றார். நான் ஓடிப்போய் நர்சுகள் மெஸ்ஸிலிருந்து டீ வடிகட்டியைக் கழுவிக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து எங்கள் மெஸ்ஸில் டீயைத் துணியில் வடிகட்டினோம். ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு சிலர் டீயையே விட்டுவிட்டார்கள்.

ஜன்னல் ஓரத்தில் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் குனிந்திருந்தார். சில்லு மாற்றினார், மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. "பாருங்கள்" என்று எனக்கு இடம் விட்டார். கொழுக்கட்டையை முழுசாக வாயில் அடைத்துக்கொண்ட பிள்ளையைப் போல, ஒரு வெள்ளை அணு தன்னைவிடப் பெரிய ஊதா உருண்டையை விழுங்கிவிட்டு, தன் கருவை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தது. "அவளுடைய ரத்தம் அவளையே பகையென்று எண்ணுகிறது" என்றார். அந்த வாக்கியத்தை மட்டும் நான் மொழிபெயர்க்க முயலவில்லை.

நோயின் பெயரையாவது சொல்ல வேண்டுமே என்று, "லூபஸ்னு பேரு, லத்தீன்ல ஓநாய்னு அர்த்தமாம்" என்று தேசம்மாவிடம் சொன்னேன்.

"நம்ம பக்கம் ஏது சிஸ்டரம்மா ஓநாய்? சுறா கடிச்சுதுன்னு சொல்லு, நம்புறேன்" என்றாள்.

பிறகு டாக்டர் கட்டுப்பாடுகளைச் சொன்னார். வெயிலில் போகக் கூடாது. மருந்து உடம்பில் நீரைக் கட்டவைக்கும், ஆகையால் உப்பு கூடாது. உடம்பை அலட்டக் கூடாது. நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல, தேசம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் டாக்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாம் நான் சொன்னதையே சொல்றாரு. இதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ படிப்பு?" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்களை ரொம்ப மெச்சிக்கறாங்க டாக்டர்" என்று சொன்னேன்.

அன்று முதல் டாக்டரும் தேசம்மாவும் ஒரு கட்சி. எதிர்க்கட்சி ஏழுமலை. உப்பில்லாத கஞ்சியைப் பெண்டாட்டி விழுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், கருவாடு சுட்டு வேட்டி மடிப்பில் எடுத்து வருவான். ராயபுரமே மீன் வாசனை அடிக்கும்போது ஒரு துண்டுக் கருவாட்டை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்? தேசம்மாவின் மூக்கு கண்டுபிடித்தது. "அம்மா கீற எடத்துல கவுச்சியாடா, கலீஜ்" என்று வராந்தா முழுக்க அவனைத் துரத்தினாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மையார் நம் ஆஸ்பத்திரியில் பணிக்கு வருவார்களா?" என்று என்னிடம் கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்டாரா என்று தெரியவில்லை.

மருந்து ஒன்றில்தான் தகராறு. அம்மா இருக்கும் உடம்பில் ஊசி ஏறக் கூடாது என்று தேசம்மா கதவை மறித்து நின்றாள். அந்த மருந்து கார்ட்டிசோன். கப்பலில் வந்தது. துறைமுகம் எங்களுக்குக் கூப்பிடு தூரம், மருந்தோ பம்பாயைச் சுற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் அதைப் பீரோவில் வைத்துச் சாவியைப் பூணூலில் கட்டியிருந்தார். அவர் எவ்வளவோ அழகான தமிழில் சொல்லியும் தேசம்மா நகரவில்லை. கடைசியில் அஞ்சலைதான் படுக்கையிலிருந்து, "குத்துங்க சிஸ்டரம்மா. அம்மாவ அத்த பாத்துக்கட்டும்" என்றாள். அவளால் கையைத் தூக்க முடியவில்லை, குரலைத் தூக்க முடிந்தது. தேசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் குத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை என் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நானே நம்பியிருக்கமாட்டேன். சில நாளிலேயே காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் நான் வார்டுக்குள் நுழைந்தபோது அஞ்சலை உட்கார்ந்து தானே தலை வாரிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மருந்துத் தட்டை வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அடுத்தது பசி. தன் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பக்கத்துப் படுக்கையின் கஞ்சியைப் பார்ப்பாள். அதற்கும் அடுத்தது பேச்சு. மருந்து கொடுத்த உற்சாகத்தில் விடியவிடியப் பேசினாள். இரண்டு நோயாளிகளின் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தே விட்டாள். முகம் பௌர்ணமி மாதிரி உருண்டுவிட்டது.

அது மருந்தின் வேலை, ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல என்று டாக்டருக்கும் எனக்கும் தெரியும். குப்பத்துக்குத் தெரியாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளி, "ஆஸ்பத்திரி சோறு நல்லா ஒட்டிகிச்சு" என்று பூரித்தார்கள்.

மாத்திரை வடிவில் கார்ட்டிசோன் கிடைத்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பினோம். "எக்காரணம் கொண்டும் திடீரென நிறுத்தலாகாது" என்று டாக்டர் சொன்னார். "உசுரே போனாலும் நிறுத்தக் கூடாது" என்று நான் மொழிபெயர்த்தேன். தேசம்மா தலையாட்டினாள். மாத்திரைப் புட்டியைத் தன் கையாலேயே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் ஏழுமலை அஞ்சலையைக் கை ரிக்‌ஷாவில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தான். கண் செருகியிருந்தது. நாடி கைக்குத் தட்டுப்படவில்லை. வாந்தி எடுத்து எடுத்து உதடு காய்ந்திருந்தது. டாக்டர் விட்டத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"மாத்திரை எங்கே?" என்றார்.

"கடல்ல கீது சார்" என்றான் ஏழுமலை.

"கடலில் என்றால்?"

அவன் சொன்னான். அஞ்சலையின் கன்னத் தடிப்பு மறைந்துவிட்டது, முகம் உருண்டுவிட்டது. அதனால் தேசம்மா முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர் என்று ஊற்றி, மூன்றாம் தண்ணீரும் ஊற்றிவிட்டாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால் நோயாளி படுத்த பாய், விரித்த வேப்பிலை, குடித்த சட்டி, அம்மா இருந்தபோது புழங்கிய எதுவும் வீட்டில் தங்கக் கூடாது. எல்லாவற்றையும் துணியில் மூட்டை கட்டிக் கடலில் விடுவது அந்தக் குப்பத்து வழக்கம். அந்த மூட்டையில் மாத்திரைப் புட்டியும் போயிற்று.

"கட்டுமரத்துல எட்ட போயி வுட்டுட்டு வந்தேன் சார். திரும்பிப் பாக்கக் கூடாதுன்னுச்சு எங்கம்மா. பாக்காமத்தான் வந்தேன்" என்றான் ஏழுமலை. ஏதாவது ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ததைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருந்தது.

பம்பாயைச் சுற்றி வந்த மருந்து, வந்த வழியே போய்விட்டது. அந்த வாரம் கடலில் கிடந்த மீனெல்லாம் உருண்டை முகத்தோடு பசியில் அலைந்திருக்கும் என்று பிறகு நாங்கள் சொல்லிச் சிரித்ததுண்டு. அன்று யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் பீரோவைத் திறந்து, மிச்சமிருந்த ஊசி மருந்தை எல்லாம் எடுத்தார். நான் சலைன் ஏற்றினேன். அவர் அந்த நாள் முழுக்கக் கட்டிலை விட்டு நகரவில்லை, என்னோடு மரியாதையாகவும் பேசவில்லை. "பிடி", "நகரு", "இன்னொன்று கொடு" என்றார். எனக்கு அது பயமாக இருந்தது.

வராந்தாவில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எம் பொண்ணு ஒருத்தி இப்டித்தான் போனா சிஸ்டரம்மா. அம்மா வாத்து, தண்ணி ஊத்தறதுக்குள்ள போய்ட்டா. இவளுக்காவது சீக்கிரம் ஊத்திப்புடலாம்னு பாத்தேன்" என்றாள். அவள்மேல் எனக்கு இருந்த கோபம் அதோடு போயிற்று.

அஞ்சலை பிழைத்தாள். கண் திறந்து, கஞ்சி கேட்டு, இரண்டாவது கஞ்சியும் கேட்டாள். அப்போதுதான் உண்மையான சண்டை ஆரம்பமாயிற்று. அம்மா சம்மதிக்காமல் தண்ணீர் ஊற்றியதால்தான் கோபம் கொண்டு திரும்பிவிட்டாள் என்று தேசம்மா தீர்மானித்துவிட்டாள். இனி மருந்து தொடக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூழ் ஊற்றி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். வீட்டுக்குப் போனால் பெண் செத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னார். இந்த முறை அவர் தமிழில் இலக்கணமே இல்லை.

"நீயே சொல்லு நைனா, அம்மா போய்ட்டாளா இல்லியா?" என்று தேசம்மா அவரையே கேட்டாள்.

ராமபத்ரனுக்குப் பொய் சொல்ல வராது. "அம்மாவை நான் கண்டதில்லை. நோயைக் கண்டேன். அது போகவில்லை, போகவும் போகாது. தூங்கும், விழிக்கும்" என்றார்.

அப்போது அஞ்சலை எழுந்து உட்கார்ந்தாள்.

"அத்தே, தண்ணிய எந்தலையிலதான ஊத்துனீங்க? அவ போனாளா கீறாளான்னு எனக்குத் தெரியாதா? எலும்புக்குள்ள குந்திகினு கீறா. அவ வெருந்தாளி இல்ல, இங்கியே தங்க வந்துகீறா. இனிமே எனக்கு மூணாந் தண்ணி கெடையாது. டெய்லி அந்த மாத்திரதான் அவளுக்கு வோணுமாம். அதுவும் உங்க கையால குடுக்கணுமாம்."

ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டான். தேசம்மா மெதுவாக, "என் கையாலயா கேட்டா?" என்றாள்.

அஞ்சலைக்கு உண்மையிலேயே அப்படித் தோன்றியதா, மாமியாரை மடக்கத்தான் சொன்னாளா? பின்னால் தனியாக இருக்கும்போது கேட்டேன். "ரெண்டு கஞ்சி துன்னா இன்னா வோணா தோணும் சிஸ்டரம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டு நடப்பு தலைகீழாயிற்று. அம்மா நிரந்தரமாகக் குடியிருக்கிற மருமகளைத் திட்ட முடியுமா? வெயிலில் அனுப்ப முடியுமா? கூடை தேசம்மாவின் தலைக்கு ஏறியது. அஞ்சலை வீட்டு நிழலில் உட்கார்ந்து மீன் கழுவி, கணக்குப் பார்த்து, மாமியாரை ஏவினாள். காலையில் தேசம்மா குளித்துவிட்டு வேப்பிலைமேல் மாத்திரையை வைத்துக் கொடுப்பாள். புயல் அடித்தாலும் தவறாது. புட்டி தீர்வதற்கு வெகு முன்பே எங்கள் வாசலில் வந்து நிற்பாள். என் பணிக்காலத்தில் மருந்தை இவ்வளவு ஒழுங்காகக் கொடுத்த இன்னொரு கையை நான் பார்த்ததில்லை, என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அஞ்சலை பேரன் எடுத்தாள். அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் பலருக்கு அது வாய்க்கவில்லை. அவர்களையும் நான் மறக்கவில்லை.

ஐம்பதுகள் முடிகிற சமயம் என்று நினைக்கிறேன். நோய் ஓசையில்லாமல் நெடுநாள் தூங்கிக்கொண்டிருந்தது. மருந்தை வருஷக்கணக்கில் கொடுத்தால் எலும்பு கெடும், சர்க்கரை ஏறும் என்பதால், டாக்டர் மெல்லமெல்லக் குறைத்துப் பார்க்க நினைத்தார். முதலில் அரை மாத்திரை குறைக்கலாம் என்று எழுதப் போனார். நான் எடுத்துச் சொன்னதும் தேசம்மா அவர் பேனாவின்மேல் கையை வைத்துவிட்டாள். கூடை சுமந்து சுமந்து உச்சந்தலை முடி தேய்ந்துபோன கிழவி.

"வோணாம் நைனா" என்றாள்.

"அம்மா, தங்கள் மருமகளைப் பாருங்கள். நன்றாக இருக்கிறாளே."

"நல்லாத்தான் கீறா" என்றாள் தேசம்மா. "அன்னிக்கும் நல்லாத்தான் இருந்தா."

அஞ்சலை மாமியாரின் கையைப் பேனாவிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சரி அம்மா. அரை வேண்டாம். கால் மாத்திரை மட்டும் குறைக்கலாம். அதற்காவது தாங்கள் சம்மதிக்க வேண்டும்" என்றார்.

தேசம்மா மருமகளின் முகத்தை இன்னொரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"அரைக்கால் குறை" என்றாள்.